முன்சில்லு ஏன் துள்ளுகிறது? கேள்வி பதில்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தெமட்டகொடையில் உள்ள எங்கள் கராஜுக்கு ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்ப வரும்: காரை எடுக்கும்போது முன்சில்லு வழுக்குகிறது, துள்ளுகிறது. விட்ஸ், வேகன் ஆர், ஃபிட், அக்வா என்று கொழும்பில் நாம் அதிகம் காணும் சிறிய கார்கள் முன்சில்லால் இழுக்கப்படுபவை. அவற்றை ஓட்டுபவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, என்னுடையது 2008 விட்ஸ். காலி வீதியில் பச்சை விளக்கு விழுந்ததும் சற்று வேகமாக எடுத்தால் முன்பக்கம் தடதடவென்று அடிக்கிறது. அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் அந்த அடி நின்றுவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

பயப்படத் தேவையில்லை தம்பி, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. கார் முன்னே பாயும்போது அதன் பாரம் பின்னுக்குச் சாய்கிறது. உங்கள் கார் ஏறக்குறைய 1000 கிலோ. நிற்கும்போது அதில் 600 கிலோ அளவு முன்சில்லுகளின் மேல் இருக்கும். கொஞ்சம் உசாராக எடுத்தாலே அதில் சுமார் 60 கிலோ பின்சில்லுகளுக்குப் போய்விடும். சில்லு இழுக்க வேண்டிய அதே நேரத்தில் அதன் மேலுள்ள பாரம் குறைகிறது. வீதியும் நனைந்திருந்தால் டயர் வழுக்கத்தான் செய்யும். இதுவரை சொன்னது நல்ல காரிலும் நடப்பது.

துள்ளல் வேறு. டயர் வீதியைப் பற்றி இழுக்கும்போது, சில்லைத் தாங்கும் லோவர் ஆம் என்ற கையை உடலோடு சேர்க்கும் றப்பர் புஷ் முறுகுகிறது; என்ஜினும் தன்னைத் தாங்கும் றப்பர் மவுண்ட்களின் மேல் சாய்கிறது. ஒரு கட்டத்தில் டயர் பிடியை விட்டுவிடும். உடனே முறுகியவை எல்லாம் உதறிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பும். டயர் மறுபடி பற்றும், றப்பர் மறுபடி முறுகும். ஒரு செக்கனுக்குள் இது பல தடவை நடக்கிறது. உங்களுக்குக் கேட்கும் தடதடப்பு அதுதான். றப்பர் உறுதியாக இருந்தால் இந்த ஆட்டம் வளரும் முன்பே அடங்கிவிடும். சின்ன என்ஜின் உள்ள காரே துள்ளுகிறதென்றால், என்ஜினின் சக்தியைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. தளர்ந்துபோன றப்பரைத் தேடுங்கள்.

முதலில் டயரைப் பாருங்கள், அதற்குச் செலவில்லை. டயரின் வரிப் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். டயர் அதுவரை தேய்ந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வரிப் பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய டயரின் றப்பர் இறுகி, ஈரத்தில் பிடிக்காது. டயர் சரியென்றால் என்ஜின் மவுண்ட், லோவர் ஆம் புஷ், ஷொக் அப்சோபர் என்ற ஒழுங்கில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை, துள்ளத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். மிதித்துக்கொண்டே அதைக் கடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு துள்ளலும், சில்லைச் சுழற்றும் தண்டான ட்ரைவ் ஷாஃப்டிலும் கியர்பெட்டியிலும் விழும் அடி.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மவுண்ட் போய்விட்டதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். இரண்டு பேர் வேண்டும். பொனட்டைத் திறந்து வைத்து, ஒருவர் உள்ளே இருந்து கைப்பிரேக்கையும் கால் பிரேக்கையும் இறுகப் பிடித்தபடி கியரை டி-யில் போட்டு, அக்ஸிலேற்றரை மிக மெதுவாகத் தொட வேண்டும். பிறகு ஆர்-இலும் அப்படியே. மற்றவர் பக்கவாட்டில் நின்று என்ஜினைப் பார்க்க வேண்டும். காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கவே கூடாது; பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். என்ஜின் சற்று அசைவது இயல்பு. 'டொக்' என்ற சத்தத்துடன் தூக்கிப் போட்டால் மவுண்ட் கிழிந்திருக்கிறது. சில மவுண்ட்களுக்குள் திரவம் இருக்கும். அவை வெடித்தால் கறுப்பாக ஒழுகியிருக்கும்.

பஞ்சிகாவத்தையில் பாவித்த மவுண்ட் மலிவாகக் கிடைக்கும் என்று பலர் வாங்கிவருகிறார்கள். கதவு, விளக்கு, கியர்பெட்டி எல்லாம் அங்கே தாராளமாக வாங்குங்கள். றப்பர் பொருளை மட்டும் புதிதாக வாங்குங்கள். பாவித்த றப்பருக்கும் உங்கள் காரின் வயதுதான் இருக்கும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: ஐயா, எங்கள் தொடர்மாடியின் நிலக்கீழ் தரிப்பிடத்திலிருந்து மேலே ஏறும் சாய்தளம் மழையில் நனைந்தால் கார் ஏற மறுக்கிறது. சில்லு சுழல்கிறது, கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கொழும்பில் புதிய கட்டடங்களில் இது பெரிய தொல்லை. வழவழப்பாகப் பூசிய கொங்கிறீற், அதன் மேல் வர்ணம், அதன் மேல் மழைநீர்! ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னுக்குப் போகிறது. டிக்கியில் சாமான் இருந்தால் நிலைமை மேலும் மோசம். முன்னே போகும் வண்டி மேலே சேர்ந்து தெருவுக்கு இறங்கும்வரை கீழே சமதளத்தில் காத்திருங்கள். பாதி ஏற்றத்தில் நின்று மறுபடி எடுக்கும்போதுதான் சில்லு அதிகம் சுழலும். சீராக, மெதுவாக, நிற்காமல் ஏறுங்கள்.

அப்படியும் முடியாவிட்டால், இடமும் வெளிச்சமும் இருந்து, பின்னால் ஒருவர் வழிகாட்ட முடியுமானால், பின்னோக்கி ஏறிப் பாருங்கள். அப்போது முன்சில்லு தாழ்வான பக்கத்தில் இருக்கும். பாரம் அதன் மேல் வரும். எட்டடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் 1000 கிலோ காருக்கு, நேராக ஏறுவதைவிட ஏறக்குறைய 50 கிலோ கூடுதலாக முன்சில்லில் இருக்கும். நிரந்தரத் தீர்வு கட்டட நிர்வாகத்திடம் இருக்கிறது: சாய்தளத்தில் குறுக்குக் கோடுகள் வெட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

மொறட்டுவையிலிருந்து, மாணவர்: இவ்வளவு குறை இருந்தும் ஏன் முன்சில்லு இழுவையையே செய்கிறார்கள்?

இடத்துக்காக. 1959இல் வந்த மினி காரில் என்ஜினைக் குறுக்காக வைத்து, சிறிய கார் ஒன்றுக்குள் நான்கு பேருக்கு இடம் கொடுத்துக் காட்டினார்கள். இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. என்ஜினின் பாரம் இழுக்கும் சில்லின் மேல் இருப்பதால் சாதாரண ஓட்டத்தில் பிடிமானம் நல்லதுதான். சக்தி கூடும்போதுதான் சிக்கல். ஏறக்குறைய 300 குதிரைவலு கொண்ட 2009 ஃபோர்ட் ஃபோகஸ் ஆர்எஸ் காருக்கு, ஸ்டியரிங் பக்கத்துக்கு இழுபடாமலிருக்க முன்சில்லின் அமைப்பையே தனியாக வடிவமைத்தார்கள்.

நுகேகொடையிலிருந்து: இரண்டு டயர்தான் வாங்கப் பணம் இருக்கிறது. இழுப்பது முன்சில்லு என்பதால் புதியதை முன்னாலே போடலாம்தானே?

வேண்டாம் ஐயா. புதியது பின்னுக்கு. முன்சில்லு வழுக்கினால் காலை எடுத்ததும் அநேகமாகப் பிடி திரும்பும். மழையில் வளைவொன்றில் பின்சில்லு வழுக்கினால் கார் சுழன்றுவிடும். அதைச் சமாளிக்க எல்லோராலும் முடியாது. முன்னால் இருப்பது 1.6 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்ததென்றால் கேள்வியே இல்லை, நான்கையும் மாற்றும்வரை மழையில் தூரப் பயணம் வேண்டாம். இனிமேல் ஏறக்குறைய 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டால் இந்த நிலை வராது.

தெஹிவளையிலிருந்து: அண்ணா, குறுக்குத் தெருவிலிருந்து காலி வீதிக்குத் திரும்பும்போது, வழுக்கும் கார் போன்ற மஞ்சள் விளக்கு மினுங்கி, கார் சக்தியே இல்லாமல் இழுபடுகிறது. பஸ் வருகிற நேரத்தில் உயிரே போகிறது. அதை அணைத்துவிடவா?

அணைக்காதீர்கள் தங்கச்சி. அது சில்லு வழுக்குவதை அடக்கும் ட்ரக்ஷன் கொன்ட்ரோல்; விளக்கு மினுங்கினால் அது வேலை செய்கிறது. என்ஜினின் விசையை இரண்டு முன்சில்லுகளுக்கும் பிரிக்கும் சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சில்லு மணலிலோ ஈர இலையிலோ சுழன்றால் மற்றதற்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும். அதனால் கணினி சுழலும் சில்லைப் பிரேக்கால் பிடித்து, என்ஜினையும் அடக்குகிறது. நீங்கள் ஸ்டியரிங்கை முழுதாக வளைத்தபடி மிதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டயரின் பிடிமானத்தில் பெரும்பங்கு வளைவதற்கே செலவாகிவிடுகிறது. பெரிய இடைவெளிக்குக் காத்திருந்து, மெதுவாக வளைத்து, ஸ்டியரிங் நேராகத் தொடங்கிய பிறகு மிதியுங்கள். மணலிலோ சேற்றிலோ புதைந்து அசைய முடியாதபோது மட்டும் அதை அணைக்கலாம். வெளியே வந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்கிறார்களே?

மணலுக்குச் சரி, வீதிக்குத் தவறு. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவையே வையுங்கள்.

கிருலப்பனையிலிருந்து: சில மாதங்கள் துள்ளவிட்டு ஓட்டினேன். இப்போது ஸ்டியரிங்கை முழுதாக வளைத்து எடுத்தால் 'டக் டக்' என்று கேட்கிறது.

ட்ரைவ் ஷாஃப்டின் வெளிப்பக்க மூட்டு தேய்ந்திருக்கிறது. சில்லுக்கு உள்பக்கம் மடிப்பு மடிப்பான றப்பர் உறையைப் பாருங்கள். கிழிந்து கிறீஸ் தெறித்திருந்தால் மழைநீரும் மணலும் உள்ளே போயிருக்கும். சத்தம் வந்த பிறகு உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை, மூட்டையே மாற்ற வேண்டும். மாற்றும்போது மவுண்டையும் புஷ்ஷையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதிய மூட்டும் அதே அடியைத்தான் வாங்கும். நுவரெலியாப் பயணம் ஏதும் வைத்திருந்தால் இந்த வேலை முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.