51 சதவீதப் பங்கு இருந்தால் சிஇஓவை அங்கேயே நீக்க முடியுமா?

உங்கள் கதையில் வரும் மகள் நிறுவனத்தின் கூட்ட அறைக்குள் நுழைந்து, "என்னிடம் 51 சதவீதம் இருக்கிறது" என்று சொல்லி சிஇஓவை (தலைமைச் செயல் அதிகாரியை) அந்த நிமிடமே வெளியேற்றும் காட்சி நம்பும்படி இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். தொடர்களில் அடிக்கடி வருவதுதான், ஆனால் பொதுவாக நடைமுறை அப்படி இல்லை. சிஇஓவை நியமிப்பதும் நீக்குவதும் நிறுவனத்தை மேற்பார்வையிடும் இயக்குநர் குழுவின் வேலை. பங்குதாரருக்கு இருக்கும் பலம் வேறு: இயக்குநர்களையே மாற்றலாம். அதற்கு வழக்கமாக முன்னறிவிப்பு கொடுத்துப் பங்குதாரர் கூட்டம் கூட்ட வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

உங்கள் கதைக்கு அந்த வாரங்கள்தான் பொக்கிஷம். எந்த இயக்குநர் யாருக்கு வாக்களிப்பார், யார் இரவில் போன் செய்கிறார், சிஇஓ அதற்குள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பார்க்கிறார் என்று எவ்வளவோ எழுதலாம்.

2023 நவம்பரில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் இயக்குநர் குழு அதன் சிஇஓ சாம் ஆல்ட்மனை நீக்கியதைப் பாருங்கள். கோடிக்கணக்கான டாலர் போட்டிருந்த மைக்ரோசாஃப்டுக்கு அந்தக் குழுவில் ஒரு இடம்கூட இல்லை. குழு வீடியோ அழைப்பிலேயே முடிவைச் சொல்லிவிட்டது. அப்புறம் பெரும்பாலான ஊழியர்கள் வெளியேறுவோம் என்று கடிதம் எழுத, சில நாட்களிலேயே அவர் திரும்பி வந்தார், குழுதான் மாறியது. எந்தத் தொடரிலும் இவ்வளவு விறுவிறுப்பை நான் பார்த்ததில்லை!

இன்னொன்று, பங்கு சதவீதமும் வாக்குச் சதவீதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவில் ஒரு பங்குக்குப் பத்து வாக்கு உள்ள தனி வகை இருப்பதால்தான் அதன் சிஇஓ ஸக்கர்பெர்க்கிடம் பாதிக்கு மேல் வாக்குகள் இருக்கின்றன. மகளிடம் 51 சதவீதப் பங்கு இருந்தும் வாக்கு போதவில்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரியவந்தால்? நான் எழுதினால் அந்த இடத்தில்தான் எபிசோடை நிறுத்துவேன்.