மண்ணுக்குள் போன மக்கும் பை

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பி நாற்றுகளை மக்கும் பைகளோடு சேர்த்தே நட்டோம். மரவள்ளி மாவுப் பை நாற்றங்காலிலேயே பிய்ந்துபோனது. மெழுகு பூசிய மாவுப் பை ஒரு வருஷத்தில் துண்டு துண்டாகி இருக்கிறது. பி.எல்.ஏ. என்ற தாவரப் பிளாஸ்டிக் பை மட்டும் புதுசு மாதிரியே இருக்கிறது. சேலத்துக் கடைக்காரர், அதன் மேல்பரப்புக்குப் பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு) கொடுத்தால் மக்கிவிடும் என்கிறார். நம்பலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: பாதிதான் நம்பலாம். மாவுப் பை ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அப்புறம் நுண்ணுயிரிகள் விடும் நொதி வந்து அதை அறுக்கும். நொதி பெரிய மூலக்கூறு, இறுக்கமான பொருளுக்குள் நுழையாது, வெளியிலிருந்து அரித்துக்கொண்டே உள்ளே வர வேண்டும். அதனால் இங்கே மேல்தோல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, மெழுகு பூசினால் தாமதம், கீறிவிட்டால் வேகம்.

பி.எல்.ஏ. கதை வேறு. அதில் முதலில் வேலை செய்வது தண்ணீர். அது பைக்குள் முழுக்க ஊடுருவி நீளச் சங்கிலிகளை வெட்டும், அவை நன்றாகச் சின்னதான பிறகுதான் நுண்ணுயிரிகளால் தின்ன முடியும். ஆனால் சுமார் 55-60 டிகிரிக்குக் கீழே அந்தச் சங்கிலிகள் விறைத்துக் கிடக்கும், வெட்டும் வேலை மிக மிக மெதுவாகத்தான் நகரும். ஏற்காட்டு மண் அந்தச் சூட்டைப் பார்ப்பதே இல்லை. பையில் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்று போட்டிருந்தால் அது சூடான உரக்கூடத்துக்கான சான்று, உங்கள் தோட்டத்துக்கானது அல்ல. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம்.

பிளாஸ்மா கொடுத்தால் மேல்பரப்பில் ஆக்சிஜன் உள்ள தொகுதிகள் வரும், தண்ணீர் பரவும், நுண்ணுயிரிகள் ஒட்டும், அதெல்லாம் சரி. ஆனால் அது மாற்றுவது சில நானோமீட்டர் ஆழம்தான். 50 மைக்ரான் பையில் 10 நானோமீட்டர் என்றால் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் கிடங்கில் கிடந்தால் நாளாக நாளாகக் குறைந்துவிடும். காஸ்டிக் சோடா இதைவிட ஆழமாக அரிக்கும், ஆனால் பையே பலமிழந்து நாற்றங்காலில் கிழியும்.

மெழுகு பூசிய மாவுப் பையையே எடுங்கள், என்ன மெழுகு என்று கேளுங்கள், பாரபின் (பெட்ரோலிய மெழுகு) என்றால் வேண்டாம். நடும்போது கத்தியால் அடியிலும் பக்கவாட்டிலும் நீளமாகக் கீறிவிடுங்கள், வெட்டு வாயிலிருந்து நொதி உள்ளே போகும். பி.எல்.ஏ. பையை நாற்றோடு புதைக்காமல் உருவி எடுத்து, சூடு பிடிக்கும் பெரிய உரக்குவியல் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.