குழந்தைகளுக்கான கற்றல் விளையாட்டுச் செயலிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கூட்டல் சொல்லித்தரும் செயலி செய்கிறேன். சரியான விடைக்கு நட்சத்திரம் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை வைத்து லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வரைந்தால் பரிசு உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள், ஓரிரு வாரம் கழித்துத் தாமாக வரைய உட்கார்ந்த நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு தராசு வையுங்கள். ஒரு தட்டில் ஏழு பழம், மறு தட்டில் மூன்று. குழந்தை இன்னும் நான்கு வைத்தால் தராசு நேராகும், ஐந்து வைத்தால் சாயும். 'தவறு' என்று சிவப்பில் காட்ட வேண்டியதே இல்லை. ஒன்றை எடுத்துப் பார்ப்போமே என்று அதற்கே தோன்றும். அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

கேள்வி: எளிதாக வைத்தால் பெரிய பிள்ளைகளுக்குச் சலிக்கிறது. கடினமாக்கினால் சின்னவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

பதில்: 1967-இல் குழந்தைகளுக்கான லோகோ என்ற கணினி நிரல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், தரை தாழ்வாகவும் கூரை உயரமாகவும் இருக்க வேண்டும் என்றார். நுழைவது எளிது, போகப்போகச் சவால். சுவர்களும் அகலமாக இருக்கட்டும் என்று மிட்செல் ரெஸ்னிக் சேர்த்தார். அவர் குழு 2007-இல் வெளியிட்ட, குழந்தைகளே நிரல் எழுதும் ஸ்க்ராட்ச்சில் ஒரு பிள்ளை கதை செய்யும், இன்னொன்று இசை செய்யும். நிலை 1, நிலை 2 என்று ஒரே ஏணி கட்டாதீர்கள்.

கேள்வி: குழந்தைகளிடம் எப்போது கொடுத்துப் பார்ப்பது?

பதில்: முதல் வாரமே, காகிதத்தில் வரைந்து. "பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், நம் மனம் கோணாமல் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். இரண்டு குழந்தைகளைச் சேர்த்து உட்கார வைத்தால், நினைப்பதைத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், நாம் யோசிக்காத விதத்தில் யாராவது விளையாடினால் தடுக்காதீர்கள். பல சமயம் நம் யோசனையைவிட அதுவே நன்றாக இருக்கும்.

கேள்வி: பின்னணி இசை அவசியமா?

பதில்: இல்லை. வைத்தால் நிறுத்தும் பொத்தானும் கண்ணில் படட்டும்.

கேள்வி: குழந்தை திணறினால் எத்தனை நொடியில் விடையைக் காட்டலாம்?

பதில்: நொடிக் கணக்கே வேண்டாம். கை அசையாமல் இருந்தாலும் அது யோசித்துக்கொண்டிருக்கலாம். கேட்டால் மட்டும் உதவுங்கள், அதுவும் விடையாக அல்ல, அடுத்த ஒரு படியாக.