கேளுங்க சொல்றோம்: மிகாசா கப்பலுக்கு ஏன் மூக்கு நீளம்?

கேள்வி: எங்க பெரியப்பா ஜப்பான்லேர்ந்து ஒரு பழைய போர்க்கப்பல் மாடல் வாங்கிட்டு வந்து கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காரு. பேரு மிகாசா, 1/350 ஸ்கேல். வேலைப்பாடு பிரமாதம், ஆனா தண்ணிக்குக் கீழ முழுகற பக்கம் மூக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு. கப்பல்னா மேலதானே நீட்டணும், தப்பா ஒட்டிட்டாங்களா?

பதில்: சரியாத்தான் ஒட்டியிருக்காங்க. அது எதிரி கப்பலை இடிச்சு ஓட்டை போடறதுக்கு வச்ச மூக்கு. 1866-ல லிஸ்ஸா சண்டையில ஆஸ்திரியாக்காரங்க இத்தாலி கப்பல் ஒண்ணை இடிச்சே முழுகடிச்சாங்க, அதைப் பார்த்து எல்லா நாட்டு கடற்படைக்கும் இந்த மூக்கு ஆசை பிடிச்சிடுச்சு, முப்பது நாப்பது வருஷம் விடவே இல்ல. மிகாசா 1900-ல கடல்ல இறங்கின கப்பல், அதனால அதுக்கும் வந்திருச்சு. பிரயோஜனம்? 1905 மே மாசம் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவுல இருக்கற சுஷிமா கடல்ல ஜப்பான் கடற்படைத் தளபதி அட்மிரல் டோகோ இதுல நின்னுதான் ரஷ்யாக்காரங்களோட மோதினாரு, பீரங்கி சுட ஆரம்பிச்சதே 6 கிலோமீட்டருக்கு மேல தள்ளி, இதுல மூக்கு எங்கேர்ந்து இடிக்கும்? கொடுமை என்னன்னா அதே ரஷ்யப் போர்ல 1904 மே 15 பனிமூட்டத்துல கசுகாங்கற ஜப்பான் கப்பல் தன் மூக்கால யோஷினோங்கற இன்னொரு ஜப்பான் கப்பலையே இடிச்சிடுச்சு, 300 பேருக்கு மேல செத்தாங்க. அதே நாள்தான் ஹட்சுசே, யாஷிமான்னு ரெண்டு பெரிய கப்பலும் கண்ணிவெடியில போச்சு. சொந்த ஆளையே குத்தின மூக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

கேள்வி: நிஜ மிகாசாவை இப்ப பார்க்க முடியுமா? மாடல் அதே மாதிரி இருக்கான்னு ஒப்பிட்டுப் பார்க்கணும்.

பதில்: ஜப்பான்ல யோகோசுகாங்கற ஊர்ல இருக்கு, 1926-லேர்ந்து நினைவுக் கப்பல். ஆனா ஒப்பிடறதுல ஒரு சிக்கல், அடிப்பாகத்தைச் சுத்தி கான்கிரீட் போட்டு நிறுத்திட்டாங்க, அதனால சிவப்பு அடிவயிறு, ரெண்டு ப்ரொப்பல்லர் எதுவும் தெரியாது. மேல இருக்கறதும் முழுசா பழசு இல்ல. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் பீரங்கி, கொடிமரம், புகைபோக்கி எல்லாம் போயிருச்சு, மேல்தளத்துல டான்ஸ் ஹால்கூட நடத்தியிருக்காங்க! அப்புறம் ஜப்பானோட சண்டை போட்ட அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸே ஆதரவு கொடுத்து, ஜப்பான்ல உடைக்க வந்த சிலி நாட்டு போர்க்கப்பலோட சாமான்களையும் எடுத்துப் போட்டு 1961-ல சரி பண்ணாங்க. இப்ப நிக்கற பெரிய பீரங்கிகள் புதுசா செஞ்சு வச்சது. அதாவது நிஜக் கப்பல்லயே பாதி மாடல்தான், அடிப்பாகத்துக்கு உங்க பெரியப்பா பெட்டிதான் நல்ல சாட்சி.

கேள்வி: நானே ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். எந்த சைஸ்? எதுல கவனமா இருக்கணும்?

பதில்: நிஜ நீளம் கிட்டத்தட்ட 132 மீட்டர், 1/350-ல 38 சென்டிமீட்டர் வரும், 1/700-ல 19 தான். சின்னது சுலபம்னு நினைச்சு 1/700 வாங்காதீங்க, பாகம் எல்லாம் இமைமுடி சைஸ்ல இருக்கும், கண்ணு போயிரும். முதல் தடவைக்கு 1/350 போதும். பக்கவாட்டுல சாய்வா வரிசையா ஒட்டற கம்பிங்க டார்பிடோ (தண்ணிக்குள்ள பாஞ்சு வர்ற குண்டு) கப்பல்ல படாம தடுக்கற வலையைத் தாங்கறது, அதுல ஒண்ணு கோணலா போனாலும் மொத்தமும் கோணலா தெரியும், ஸ்கேல் வச்சு பென்சில் கோடு போட்டுட்டு ஒட்டுங்க. பின்னாடி அட்மிரல் நடக்கற பால்கனிக்கு பித்தளைத் தகடு பாகம் தனியா வாங்கினா அழகே வேற. கொடிமரக் கயிறுக்கு தையல் நூல் மட்டும் வேண்டாம், அரை மில்லிமீட்டர் நூல்னா நிஜத்துல 17 சென்டிமீட்டர் தடிமன் கயிறு, தொடை கனம்! கண்ணுக்குத் தெரியுமா தெரியாதாங்கற நைலான் இழை வாங்கி கட்டுங்க, பொறுமை இல்லேன்னா கயிறே கட்டாம விட்டுடுங்க, தடிநூலுக்கு அது எவ்வளவோ மேல்.