மலைக்கு எந்தப் பக்கம் ஆஃப் சீசன்?

கேள்வி: ஜூன் கடைசியில் ஒரு வாரம் விடுப்புக் கிடைக்கிறது. யாரையும் அழைக்காமல் ஏதாவது ஒரு தீவுக்குத் தனியாகப் போய், கடற்கரையில் சும்மா படுத்திருந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். இலங்கையும் மாலத்தீவும் மனத்தில் இருக்கின்றன. ஆஃப் சீசன் என்பதால் வாடகை பாதிதான் என்கிறார்கள். போகலாமா?
– ஒரு வாசகர், புளியரை

பதில்: புளியரையில் வீடு வைத்துக்கொண்டு ஜூன் மாதத்தை ஆஃப் சீசன் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தாலே மலைமேல் மேகம் இறங்கியிருப்பது தெரியும். பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளில் உட்கார இடம் இருக்காது. மார்ச்சில் ஆள் பிடிக்க வாசலுக்கே வந்து நின்ற குற்றாலத்து விடுதிக்காரர்கள் ஜூனில் நம்மை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதற்குப் பெயர்தான் சீசன்.

இந்தச் சொல்லை நான் எழுதும்போதெல்லாம் தென்காசியிலிருந்து ஒரு தமிழாசிரியர், 'பருவம் என்று எழுதினால் மை தீர்ந்துவிடுமா?' என்று அஞ்சலட்டை போடுகிறார். இதுவரை பதினோரு அட்டைகள் சேர்ந்திருக்கின்றன. ஐயா, குற்றாலம் போய் வந்தவரிடம் 'பருவம் எப்படி?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் வீட்டுப் பெண்ணுக்கு வரன் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக் காபி கொடுப்பார். 'சீசன் எப்படி?' என்றால்தான் 'ஐந்தருவியில் நல்ல தண்ணீர், மெயினில் கூட்டம்' என்று பதில் வரும். நமக்குக் கார்த்திகையில் ஐயப்ப சீசன் உண்டு, கோடையில் மாம்பழ சீசன் உண்டு, புனலூருக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவர் சட்டைப்பையில் வைத்திருப்பதும் சீசன்தான். வெள்ளைக்காரன் வெயிலுக்கும் குளிருக்கும் வைத்த பெயரை நாம் கூட்டத்துக்கும் விலைக்கும் வைத்துக்கொண்டோம். பன்னிரண்டாவது அட்டைக்கும் இதுவே பதில்.

உங்கள் கேள்விக்கும் அந்தச் சொல் வழியாகவே வருகிறேன். குற்றாலத்தில் தலை நனைக்க இடம் கிடைக்காத அதே நாளில், நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக் கோவளத்தில் குடைகளை மடக்கிக் கட்டிவைத்திருப்பார்கள். மணலில் சிவப்புக் கொடி பறக்கும். அறை வாடகை சரிந்து கிடக்கும். மேற்கே மழையாகக் கொட்டிக் கடற்கரையைக் காலிசெய்த மேகம்தான் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மிச்சத்தை நம் பக்கம் சாரலாகத் தெளிக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தாலுகாவைத் தமிழகத்துக்கும் கேரளத்துக்குமாகப் பிரித்தபோது நமக்கு வந்தது எவ்வளவு, அங்கேயே தங்கியது எவ்வளவு என்ற பழைய வழக்கை இந்த இதழில் மறுபடியும் திறக்கப்போவதில்லை. மேகத்தைப் பங்கு வைத்ததில் மட்டும் நமக்குக் குறையில்லை என்று பதிவு செய்துவிட்டு நகர்கிறேன். ஆகவே ஆஃப் சீசன் என்று எவர் சொன்னாலும் மலைக்கு எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேளுங்கள். எல்லைக்காரர்களாகிய நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

இலங்கையிடம் இதைக் கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். தீவின் நடுவே மலைநாடு நிற்கிறது. அதன் உச்சியான பிதுருதலாகல 2,524 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் காலியையும் ஹிக்கடுவையையும் நனைத்துவிட்டு மலையேறி, ஈரத்தை அங்கேயே இறக்கிவைத்து, கிழக்கே வறண்ட காற்றாக இறங்குகிறது. கிழக்கு மாகாணத்துத் தமிழர்கள் அதைக் கச்சான் காற்று என்பார்கள். கடையில் போய்க் கச்சான் கேட்டால் வேர்க்கடலை கொடுப்பார்கள், பயப்பட வேண்டாம், அதற்கும் அங்கே அதே பெயர்தான். உங்களிடம் பாதி வாடகை என்று சொன்னவர் மேற்குக் கரையைச் சொல்லியிருக்கிறார். அதே வாரத்தில் திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கடல் அடங்கிக் கிடக்கும். அங்கே அது சீசன், வாடகையும் சீசன் வாடகை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இது அப்படியே தலைகீழாகும். வெயிலும் பாதி வாடகையும் ஒரே கரையில் தருகிறேன் என்கிறவரிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் நிலாவெளி என்பேன். அங்கிருந்து படகில் சிறிது நேரம் போனால் புறாத் தீவு. கரையோரத்தில் முகத்தைத் தண்ணீருக்குள் நுழைத்தாலே பவளப்பாறை தெரியும். திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன; ஒன்றில் இருக்கும் சூடு அடுத்ததில் இருக்காது. அருவியில் குளித்தே வளர்ந்த உடம்புக்கு வாளியில் மொண்டு ஊற்றும் வெந்நீர் ஒரு மாறுதல். ஒரே ஒரு சங்கடம், நீங்கள் தேடுகிற தனிமை அங்கே கிடைப்பது கடினம். தமிழ் பேசுகிற ஊரில் எவன் தனியாக இருந்திருக்கிறான்? முதல் நாள் எந்த ஊர் என்பார்கள், இரண்டாம் நாள் எத்தனை பிள்ளைகள் என்பார்கள், மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான்.

மாலத்தீவில் மலையே இல்லை. நாடு முழுவதும் தேடினாலும் இயற்கையாக இரண்டரை மீட்டரைத் தாண்டிய மேடு கிடையாது. அதனால் இந்தக் கரை நனைந்தால் அந்தக் கரைக்கு ஓடலாம் என்ற வசதி அங்கே கிடையாது. மே முதல் அக்டோபர் வரையான தென்மேற்குக் காற்றுக்காலத்தை அவர்கள் ஹுல்ஹாங்கு என்கிறார்கள். இடி மின்னலோடு ஒரு மணி நேரம் அடித்து ஊற்றிவிட்டு எதுவுமே நடக்காததுபோல வெயில் வருகிற நாட்களும் உண்டு, மூன்று நாள் மூடியே கிடப்பதும் உண்டு. ஆனால் மனிதருக்கு ஆஃப் சீசனான அந்த மாதங்கள்தாம் அங்கே திருக்கைக்குச் சீசன். காற்றும் நீரோட்டமும் நுண்ணுயிர் மிதவைகளைத் தள்ளிக்கொண்டு வந்து பா பவளத்தீவிலுள்ள ஹனிஃபரு விரிகுடாவில் சேர்க்க, கொம்புத் திருக்கைகள் வாயைத் திறந்துகொண்டு கூட்டம் கூட்டமாக வந்து சுற்றுகின்றன. நம் பார்டர் கடைகளில் சனிக்கிழமை இரவு நீங்கள் பார்க்கிற அதே காட்சி. செலவுக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள்: பெரிய விடுதிகளில் அறைக்குத்தான் தள்ளுபடி, உங்களை அந்தத் தீவில் கொண்டுபோய் இறக்குகிற விசைப்படகுக்கும் கடல் விமானத்துக்கும் அதை எதிர்பார்க்காதீர்கள், அறையின் விலையும் இரண்டு பேரை வைத்துப் போட்டது. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளிலுள்ள சிறிய விருந்தினர் இல்லங்களே தனி ஆளுக்குக் கட்டும்.

தனி ஆள் என்றதும் என் கதை நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு ஜூனில், மலைக்கு அந்தப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் போய் இறங்கினேன். விடுதி மேலாளர் 'சார் தனிச்சா?' என்றார். ஆமாம் என்றேன். 'வேற ஆரும் வராதோ?' என்றார். யாரும் வரமாட்டார்கள் என்றேன். 'ரூம் ஒழிவில்லா சார்' என்றார். அவர் தலைக்குப் பின்னால் பலகையில் நாற்பது சாவிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பத்திரிகை அடையாள அட்டையைக் காட்டி அரை மணி நேரம் வாதாடிய பிறகு, தரைத்தளத்தில், கூரையில் மின்விசிறிக்குப் பதிலாக மேசைமேல் விசிறி வைத்த ஓர் அறையைக் கொடுத்தார். இரவு பத்து மணிக்குள் ஒரு பையன் ஏழு முறை கதவைத் தட்டிச் சாயா வேண்டுமா என்று கேட்டான். ஏழாவது முறை நான் எழுந்து வரத் தாமதமானதும் மேலாளரே மாற்றுச் சாவியோடு வந்து நின்றார். மூன்றாம் நாள் அறையைக் காலிசெய்தபோது என் கையைப் பிடித்துக் குலுக்கி, 'சந்தோஷம் சார்' என்றார். வாழ்நாளில் எனக்கு யாரும் அவ்வளவு மனப்பூர்வமாக விடைகொடுத்ததில்லை. இலங்கையிலும் மாலத்தீவிலும் தனியாக வருகிற வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். சாயாத் தொல்லை இருக்காது.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகைக்கு ஆசைப்பட்டு மேற்குக் கரைக்கே போவதானால் தண்ணீரில் இறங்காதீர்கள். ஜூன் கடல் காலை வாரி உள்ளே இழுக்கும். ஆஃப் சீசன் கடற்கரையில் நீங்கள் கையைத் தூக்கினால் பார்ப்பதற்குக்கூட ஆள் இருக்காது. இழுப்பில் சிக்கிவிட்டால் கரையை நோக்கி முட்டி மோதாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

செலவுக்கு யோசிக்காதீர்கள். நீங்கள் தீவில் படுத்திருக்கப்போகிற வாரம் இங்கே குற்றாலத்தில் அறை கிடைக்காமல் மதுரைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வேனிலேயே தூங்கிக்கொண்டிருப்பார்கள். வீட்டு மாடியைச் சீசன் வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்புங்கள். சாவியை நம் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனால் போதும். வருகிறவர்களுக்குச் சாயா வேண்டுமா என்று நான் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.