முடிச்சு இறுக்கமாக இருந்தால் போதுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. மேடவாக்கத்தில் குடியிருக்கிறோம். எனக்கு சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, 5 மணிக்கு முடியும். கணவர் கிண்டியில் வேலை முடித்து 7 மணிக்கு வருவார். ஆறாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு இந்தியும் செஸ்ஸும் எங்கள் தெருவிலேயே. பிராத்மிக் என்ற இந்தித் தேர்வு எழுதப்போகிறான், தானே போய்வந்துவிடுவான். மகள் இரண்டாம் வகுப்பு. அவளுக்குத் திங்கள், புதன் பரதம், செவ்வாய், வியாழன் அபாகஸ், சனி நீச்சல், ஞாயிறு கீபோர்டு. பரதம் முடிய 7.30 ஆகும். வரும் வழியில் ஸ்கூட்டியிலேயே தூங்கிவிடுவாள். துப்பட்டாவால் என் இடுப்போடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டுக்கொள்வதால் அதில் பிரச்சினை இல்லை. சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்து அவள் படுக்க 10 மணி. 6 மணிக்கு எழுப்பிவிடுவேன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், ஆனால் பிள்ளையை அவரிடம் விட்டுப் பேச்சு வாங்க விருப்பமில்லை. நான் 4.45-க்கு எழுந்து 11-க்குப் படுக்கிறேன். நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது? ஒரு டைம் டேபிள் போட்டுத் தருவீர்களா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை.

பதில்: அம்மா, டைம் டேபிள் கேட்டு எனக்கு மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. எல்லாவற்றிலும் விடியற்காலை அலாரம் இருக்கும், வகுப்புகளின் பட்டியல் இருக்கும். உங்கள் கடிதத்தில் ஒரு துப்பட்டாவும் இருந்தது. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

‘அதில் பிரச்சினை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எதில் இல்லை? உங்கள் ஏரியா சாலைகள் எனக்குத் தெரியும். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துக் குறுக்கிய இடத்தில் தண்ணீர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும். அந்த இருட்டில் உங்கள் முதுகில் தலை சாய்ந்து ஒரு சின்னப் பிள்ளை தூங்குகிறது. வண்டி பள்ளத்தில் இறங்கினால் தூங்குகிற பிள்ளை எதையும் பிடித்துக்கொள்ளாது. நீங்கள் சரிந்தால் அவளும் உங்களோடு சேர்ந்து வண்டிக்கு அடியில்தான் போவாள். துப்பட்டா நுனி சக்கரத்தில் சிக்கி உயிர் போன செய்திகளை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். அவள் தலையில் ஹெல்மெட் இருந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை. நான்கு வயதைத் தாண்டிய எல்லோரும் இருசக்கர வண்டியில் ஹெல்மெட் போட வேண்டும் என்று 2019-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அதைவிடச் சின்னக் குழந்தையென்றால் ஓட்டுகிறவரோடு இணைக்கும் பெல்ட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் விதி வந்தது. துணியால் கட்டிக்கொண்டால் போதும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

சாலையை விடுங்கள். முதல் தடவை அவள் தூங்கிச் சரிந்த அன்று உங்களுக்குப் பதறியிருக்கும். வண்டியை ஓரம் கட்டி, கன்னத்தைத் தட்டி எழுப்பியிருப்பீர்கள். ‘இந்தப் பிள்ளையால் முடியவில்லை’ என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். உங்களுக்கோ முடிச்சுப் போடத்தான் தோன்றியது. அது போதாதென்று இரண்டாவது முடிச்சு. வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளை உடம்பால் சொன்னது. அந்த உடம்பைக் கட்டி எடுத்துக்கொண்டு வீடு வந்துவிட்டீர்கள். பெற்றவள் செய்கிற காரியமா இது?

நீங்கள் எழுதிய கணக்குப்படி அவளுக்கு 8 மணி நேரத் தூக்கம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016-லேயே சொல்லிவிட்டது. பரதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முட்டியை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, காலைத் தட்டி ஆடும் தட்டடவை மூன்று வேகத்திலும் போடுவதற்குத் தொடையிலும் முட்டியிலும் எவ்வளவு தெம்பு வேண்டும் என்று ஆடியவர்களைக் கேளுங்கள். நாள் முழுக்கப் பள்ளியில் இருந்துவிட்டு வந்த பிள்ளையிடம் ராத்திரி 7 மணிக்கு அந்தத் தெம்பு எங்கே இருக்கும்?

என் மகளுக்கு எட்டு வயதில் பாட்டு வகுப்பு வைத்திருந்தேன். ஒரு நாள் கூட்டிவரப் போனபோது தம்பூராவுக்குப் பக்கத்தில் பாயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா தன் பழைய புடவை ஒன்றை மடித்துத் தலைக்கு வைத்திருந்தார். என்னிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்கடுத்த மாதம்தான் வகுப்பை நிறுத்தினேன். அந்த ஒரு மாதம் எதற்குக் காத்திருந்தேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

மாமியாரிடம் பேச்சு வாங்க விருப்பமில்லை என்கிறீர்கள். பேசட்டுமே! ‘பிள்ளையைப் பார்த்துக்க ஆள் இல்லாம எங்கிட்ட விட்டுட்டுப் போறா’ என்று நாலு பேரிடம் சொல்லட்டும். அந்த நாலு வார்த்தைக்குப் பயந்து பிள்ளையை ரோட்டில் தூங்கவிடுவீர்களா? விளக்கு வைக்கிற நேரத்தில் பேத்தி பாட்டியின் பக்கத்தில் இருக்க வேண்டும். அது அந்த அம்மாவுக்கு உரிமை, கடமையும்கூட. ‘அத்தை, எனக்கு முடியல. சாயந்தரம் நீங்க கொஞ்சம் பார்த்துக்கணும்’ என்று இன்றைக்கே கேளுங்கள்.

உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வருகிறார். 7 மணிக்கு வருவார், அவ்வளவுதான். வந்த பிறகு என்ன செய்கிறார்? மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சொந்த வீட்டு வேலைகளைச் செய்கிற பெண்களுக்கு அதில் நாளைக்கு 289 நிமிடம் போகிறது, ஆண்களுக்கு 88 நிமிடம். உங்கள் வீட்டில் அந்த 88 நிமிடமாவது உண்டா? ராத்திரிப் பாத்திரம், மறுநாள் யூனிஃபார்ம், மகனின் இந்திப் பாடம் மூன்றும் இனி அவருடையவை. ‘ஹெல்ப் பண்ணுங்க’ என்று கேட்காதீர்கள். அவருக்கும் அது வீடு, அவருக்கும் அவர்கள் பிள்ளைகள்.

நீங்கள் கேட்ட டைம் டேபிளை நான் போட்டுத் தரப்போவதில்லை. அபாகஸையும் கீபோர்டையும் இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். பரதம், நீச்சல் இரண்டில் எது வேண்டும் என்று மகளைக் கேளுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்க வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பரதத்தை விடுவதானால் போனில் மெசேஜ் போட்டு முடிக்காதீர்கள். பழம், வெற்றிலை பாக்கோடு மகளையும் கூட்டிக்கொண்டு போய் டீச்சரிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். பரதம்தான் வேண்டும் என்றால் சனிக்கிழமை காலை வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை ராத்திரியில் அவளைப் பின்னால் உட்காரவைத்து வண்டி எடுக்கக் கூடாது. 7 மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிற அப்பா ஆட்டோவில் போய், மடியில் போட்டுக் கூட்டிவரட்டும்.

பதில் எழுத வேண்டும் என்று தோன்றினால் அடுத்த மாதம் எழுதுங்கள். புதன்கிழமை சாயந்தரம் வீட்டில் இருந்தபோது அவள் என்ன செய்தாள் என்பதை மட்டும் எழுதினால் போதும்.