வீட்டை மகளுக்கு எழுதலாம், வாடகையை உங்களிடமே வைத்திருங்கள்

கேள்வி: எனக்கு வயது 68. என் கணவர் 2014இல் மரணசாதனம் (உயில்) எதுவும் எழுதாமல் காலமானார். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இரண்டு பரப்புக் காணியும் கல்வீடும் இருக்கின்றன. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு, 1988இல், அவர் தன் பெயரில் வாங்கியது. 2017 முதல் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. ஒப்பந்தம் எழுதவில்லை, ஆறு மாத அட்வான்ஸ் வாங்கினேன். மாதம் வரும் 35,000 ரூபாவைத் தவிர எனக்கு வேறு வருமானம் இல்லை. நான் தங்கை குடும்பத்துடன் இருக்கிறேன். மகளின் கலியாணத்தின்போது சீதனமாக வீடு கொடுக்க வசதியில்லாமல், பிறகு தருவதாகச் சொல்லியிருந்தோம். இப்போது மகளும் மருமகனும் அந்த வீட்டைக் கேட்கிறார்கள். வங்கிக் கடன் எடுத்து மேல்மாடி கட்டித் தாங்கள் குடியிருக்கப் போகிறார்களாம். வாடகையை எனக்கே தருவார்களாம். மகன் கனடாவில் இருக்கிறார். வீட்டை எழுதிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: கொடுக்கலாம், அம்மா. சொன்ன சொல்லைக் காப்பாற்ற நினைக்கிறீர்கள், அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் முழு வீட்டையும் உங்களால் எழுதிக் கொடுக்க முடியாது. முழு வீடும் உங்களுடையது அல்ல.

நீங்கள் தேசவழமைக்கு உட்பட்டவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம் அது. இன்று சொத்துப் பங்கீட்டைத் தீர்மானிப்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் 1947இல் அதற்கு வந்த திருத்தமும். அதன்படி, கலியாணத்துக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கிய வீடு தேடிய தேட்டம். கணவர் மரணசாதனம் எழுதாததால் பாதி உங்களுக்கு வந்தது, மற்றப் பாதி இரண்டு பிள்ளைகளுக்கும் போனது. ஆகவே மகளுக்கு நாலில் ஒரு பங்கு ஏற்கெனவே இருக்கிறது. மகனுக்கும் அதே அளவு இருக்கிறது. நீங்கள் உங்கள் பாதியை எழுதினால் மகளிடம் முக்கால் பங்கு சேரும். மீதிக் கால் பங்கு கனடாவில் இருப்பவருடையது. அவர் கையெழுத்து இல்லாமல் ‘முழு வீடு’ என்று எந்த உறுதி (சொத்துப் பத்திரம்) முடித்தாலும் அந்தக் கால் பங்கு மாறாது.

ஒரு விஷயத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். 1988இல் வீடு வாங்கிய காசு எங்கிருந்து வந்தது? கணவர் தன் முதுசக் காணியை (பரம்பரையாக வந்த காணியை) விற்ற காசு என்றால் அது தேடிய தேட்டம் ஆகாது, பங்குக் கணக்கு மாறிவிடும். பழைய உறுதியை எடுத்துச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். காணிப் பதிவகத்தில் தோம்பும் (காணியின் பதிவு விவரம்) எடுத்துப் பாருங்கள். கணவரின் மறைவுக்குப் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு (மரணசாதனம் இல்லாவிட்டாலும் இறந்தவரின் சொத்தைப் பங்கிடப் போடும் வழக்கு) எதுவும் போட்டதாக நீங்கள் எழுதவில்லை. சொத்தின் பெறுமதி சட்டம் வைத்திருக்கும் எல்லையைத் தாண்டினால் அதை முடிக்காமல் பங்குகளைக் கைமாற்றுவது சிக்கல். வங்கியும் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

இனி மகன். மகளிடம் பதில் சொல்வதற்கு முன் மகனோடு பேசுங்கள். உறுதி முடிந்த பிறகு ஊரார் வாயால் அவருக்குச் செய்தி போகக் கூடாது. தங்கைக்குச் சீதனம் என்று சொல்லியிருந்ததை அவரும் அறிந்திருப்பார். பெரும்பாலான அண்ணன்மார் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். தங்களைக் கேட்காமல் செய்ததற்குத்தான் கோபிப்பார்கள். அவர் சம்மதித்தால் ஊருக்கு வரத் தேவையில்லை. டொரன்டோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அற்றோர்னித் தத்துவம் (தனக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) முடித்து அனுப்பி, அதை இங்கே பதிவு செய்தால் போதும்.

உறுதியை எந்த வகையில் முடிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ‘அறுதி உறுதியாக, விற்றதாகவே எழுதிவிடுங்கோ, பிறகு ஒருத்தரும் உடைக்க ஏலாது’ என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அது வேண்டாம். காசு கைமாறாத விற்பனை முதலாவதாகப் பொய். அதோடு, பிரிபடாத பங்கை விற்பது என்றால் தேசவழமைப்படி பங்காளிக்கு உள்ள வாங்கும் முதல் உரிமை பற்றிய கேள்வியும் எழலாம். வாடகைக்காரர் விஷயத்திலும் விற்பனை மகளுக்குப் பாதகம். உங்கள் வீடு 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்குள் வருமானால், ஆள் இருக்கும் வீட்டை விலைக்கு வாங்கியவர் ‘எனக்கே குடியிருக்க வேண்டும்’ என்ற காரணத்தைச் சொல்லி வழக்குப் போட முடியாது. வாடகைக்காரர் வருவதற்கு முன்பே உரிமையாளராக இருந்த தாயிடமோ தகப்பனிடமோ நன்கொடையாகப் பெற்ற பிள்ளைக்கு அந்தத் தடை இல்லை. நன்கொடை உறுதியே சரி. நொத்தாரிசும் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) இரண்டு சாட்சிகளும் முன்னிருக்க, நன்கொடையை ஏற்றுக்கொண்டதாக மகளும் கையெழுத்து வைக்க வேண்டும்.

நன்கொடை கொடுத்தால் கொடுத்ததுதான் என்பதையும் மனதில் வையுங்கள். பிள்ளை பாராமல் விட்டால் திரும்ப எடுக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு. திரும்பப்பெற முடியாத நன்கொடையை, பிள்ளை பெரும் நன்றிகேடு செய்தார் என்று சொல்லி இல்லாமலாக்க வேண்டுமானால் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும் என்று 2017இல் சட்டமே வந்துவிட்டது. 70 வயதுக்குப் பிறகு பெற்ற மகளுக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது ‘வாடகையை எனக்கே தருவார்களாம்’ என்ற அந்த ஒரு வரி. அவர்கள் மனதாரச் சொல்லியிருப்பார்கள், நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கடன் தவணை ஏறும், பிள்ளைகளின் ரியூசன் காசு ஏறும், ஒரு மாதம் ‘அம்மா, அடுத்த மாதம் சேர்த்துத் தாறம்’ என்று வரும். அந்தக் காசு உங்கள் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் உரியது. மகள் தரும் கைச்செலவாக அது மாறக் கூடாது. உறுதியிலேயே உங்கள் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதுங்கள். ஆயுள் உள்ளவரை வீட்டை அனுபவிக்கவும், வாடகைக்குக் கொடுக்கவும், வாடகையைத் தன் கையால் வாங்கவும் நன்கொடையாளருக்கே உரிமை என்று தெளிவாக இருக்கட்டும். சீவிய உரித்து என்று வெறுமனே இரண்டு சொல் போதாது. வாடகை என்ற சொல்லும் உறுதியில் இருக்க வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. நீங்கள் கொடுப்பது பாதி என்பதால், நீங்கள் ஒதுக்கக்கூடிய உரித்தும் அந்தப் பாதிக்குத்தான். கறாராகப் பார்த்தால் இன்றைக்கே வாடகையில் பாதி பிள்ளைகளுடையது. அவர்கள் கேட்காமல் விட்டிருக்கிறார்கள். ஆகவே மூவரும் ஒரே ஏற்பாட்டில் சேருங்கள். மகன் தன் கால் பங்கைத் தங்கைக்குக் கொடுக்கும்போது உங்கள் சீவிய உரித்துக்கு உட்படுத்திக் கொடுக்கட்டும். மகளும் தன் கால் பங்கில் அதே உரித்தை உங்களுக்குத் தரட்டும். இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். வாடகையைத் தருவதாகச் சொன்னவர்கள் அதை எழுதித் தரத் தயங்கினால், நீங்களும் தயங்குங்கள்.

அப்புறம் வங்கி. சீவிய உரித்து உள்ள காணியை ஈடு வைக்க வங்கி உங்கள் கையெழுத்தையும் கேட்கும். ‘அது சும்மா ஒரு கையெழுத்து’ என்பார்கள். அப்படியல்ல. கடன் கட்டாமல் போனால் வங்கி வீட்டை ஏலத்துக்கு விடும்போது, நீங்கள் ஒப்புக்கொடுத்த உரித்தும் அதோடு போய்விடும். எவ்வளவு கடன், எத்தனை வருடம், மருமகனின் சம்பளத்தில் தவணை எவ்வளவு போகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பேனாவை எடுங்கள். மேல்மாடியைப் பொறுத்தவரை, உங்கள் உரித்து இப்போது இருக்கும் வீட்டுக்கும் கிணறு, பாதைக்கும் மட்டும் என்று எழுதலாம். கட்டப்போகும் மாடி முழுக்க மகளுடையதாக இருக்கட்டும். படியை வெளிப்பக்கத்தால் வைத்தால் கீழே இருப்பவர்களுக்கும் தொந்தரவு குறையும்.

கீழே இருப்பவர்கள் பாவம், ஒன்பது பத்து வருடங்களாக ஒழுங்காக வாடகை கட்டுகிறார்கள். உரிமையாளர் மாறினார் என்பதற்காக அவர்களுடைய வாடகை உரிமை முறியாது. உங்கள் சீவிய உரித்து பதிவானால் வீட்டுக்காரர் தொடர்ந்து நீங்கள்தான். அதை ஒரு கடிதத்தில் எழுதி அவர்களிடம் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் காசைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு யாருக்கு என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். மாதாமாதம் பற்றுச்சீட்டு கொடுங்கள். சோலைவரிச் (வீட்டுக்குக் கட்டும் உள்ளூராட்சி வரி) சிட்டையையும் தவறவிடாமல் வைத்திருங்கள். முடிந்தால் நொத்தாரிசு முன் ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை அப்படி எழுதினால்தான் செல்லும். தவணை முடிந்த குத்தகை வீட்டை விரைவாக மீட்க 2023இல் வந்த சட்டமும் அவ்வாறு எழுதிய ஒப்பந்தங்களுக்குத்தான் உதவும். மாடி கட்டும் மாதங்களில் தூசியும் சத்தமும் இருக்கும். அதற்காக வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டி வரலாம். அந்தக் குறையை மகள் ஈடுசெய்வாரா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

உறுதியை மருமகனுக்குத் தெரிந்த நொத்தாரிசிடம் முடிப்பதில் தவறில்லை. ஆனால் வரைவை முதலில் வாங்கி, உங்களுக்காக மட்டும் பேசும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அந்தச் செலவு வீண் செலவு அல்ல. மகன் சம்மதிக்காவிட்டால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அப்போது பாகப் பிரிவினை வழக்கு, அல்லது அவருடைய பங்குக்குக் காசு கொடுப்பது என்று வேறு வழிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். அதுவரை எந்த உறுதியிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.